வேலி இல்லாத சாவடி

"கேக்கத்தாங்க எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க. கேக்கலேன்னா என் வேலை போயிடும்."

"கேட்டீங்கன்னா என் காரியம் கெட்டுடும்."

"என்ன காரியம்?"

"பாத்தீங்களா! கேட்டுட்டீங்க."

"இது கணக்குல வராதுங்க. இது நானா, ஒரு மனுஷனா கேட்டது. துறையோட கேள்வி இனிமேதான்."

சாவடிக் காவலர் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். தலைக்கு மேலே காவல் கூண்டின் உச்சியில் இருந்த சின்னப் பதிவுப் பெட்டியை ஒருமுறை பார்த்தார். பெட்டியில் ஒரு சிவப்புப் புள்ளி, தூங்காத கண் மாதிரி எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கேட்கும்படியாக, எழுத்து எழுத்தாக உச்சரித்துச் சொன்னார்:

"எங்கே போகிறீர்கள்?"

"வீட்டுக்கு" என்றான் பூனைக்காலன். ஈட்டியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினான்.

காவலர் பெருமூச்சு விட்டார். "மன்னிச்சுக்குங்க" என்று மெல்லச் சொன்னார், பெட்டிக்குக் கேட்காதபடி.

பூனைக்காலனுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. சருகு மேல் நடந்தாலும் சத்தம் வராது. அவன் பெண்சாதியே பல நாள் அடுப்படியில் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டு, "ஆளு வந்தா ஒரு இருமலாவது இருமித் தொலைய்யா" என்று ஏசியிருக்கிறாள். காட்டின் விளிம்பில் இருந்த அந்தக் குடியிருப்பில் ஈட்டி பிடிக்கத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. ஆனால் பன்றிக்குத் தெரியாமல் பன்றியின் பக்கத்தில் போய் நிற்கத் தெரிந்தவன் அவன்தான்.

அவர்களுக்கு ஒரு வழக்கம். வேட்டைக்குக் கிளம்புகிறவன் போகிற இடத்தைச் சொல்ல மாட்டான். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் கேட்கவும் மாட்டார்கள். பொழுது விடியும் நேரத்தில் ஒருவன் ஈட்டியோடு போனால் பார்த்தவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள், கோழியைப் பார்ப்பார்கள், காலில் இல்லாத முள்ளைப் பிடுங்குவார்கள். யாராவது வாய் தவறி "எங்கே?" என்று கேட்டுவிட்டால் அன்றைய வேட்டை அவ்வளவுதான். திரும்பி வந்து ஈட்டியைக் கூரை இறப்பில் செருகிவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குக் காட்டுத் தெய்வத்தின் காதில் விழும், பன்றியின் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம் எல்லாருக்கும் தெரியும். கொண்டுவரும் இறைச்சி எல்லா வீட்டுக்கும் பங்கு. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால், பன்றி உயிரோடு கிழங்கு தின்றுகொண்டிருக்கும்போதே பின்தொடை யார் வீட்டுக்கு என்று இங்கே சண்டை மூண்டுவிடும். எப்போதோ அப்படி ஒரு சண்டை நடந்து, கடைசியில் பன்றி வராமலே பல்லு மட்டும் போனதாம். அன்றிலிருந்து கேள்வி இல்லை.

துறை வந்து சாவடியைக் கட்டும் வரைக்கும்.

துறையின் முழுப்பெயர் வனவாழ் மக்கள் மரபு பேணல் மற்றும் நெறிப்படுத்தல் இயக்ககம். மக்களின் வேட்டை உரிமையைக் காப்பாற்றுவதற்காகவே அது உண்டாக்கப்பட்டது. உரிமையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் யார் எப்போது அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிய வேண்டும். தெரிய வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்க வேண்டுமென்றால் ஓர் ஆள், ஒரு கம்பம், ஒரு பெட்டி வேண்டும். இதில் எந்த இடத்திலும் தவறு கண்டுபிடிக்க முடியாது.

சாவடிக்கு வேலி கிடையாது. காட்டுப் பாதையின் குறுக்கே ஒரு கம்பம், அதைத் தூக்க ஒரு கயிறு, பக்கத்தில் ஒரு கூண்டு. இரண்டு பக்கமும் காடு அகலமாகத் திறந்து கிடந்தது. ஆடுகள் தாராளமாகச் சுற்றிப் போய்வந்தன. பூனைக்காலனின் மச்சினன், அதாவது அவன் பெண்சாதியின் தம்பி, வாயும் காலும் சும்மா இருக்காத ஆள். ஒருநாள் அவனும் ஆட்டைப் போலச் சுற்றிப் போனான். காவலர் பார்த்துவிட்டார். துரத்தினார். ஓடை தாண்டி, முள்புதர் தாண்டி, பாறை ஏறி, இரண்டு பேரும் மூச்சு வாங்க ஒரே பாறையில் உட்கார்ந்தபின், காவலர் இடுப்பில் கைவைத்துக் குனிந்தபடி, "எங்... எங்கே... போ..." என்றார்.

"தண்ணி குடிங்க முதல்ல" என்றான் மச்சினன். குடுவையை நீட்டினான்.

அவர் குடித்துவிட்டு முழுதாகக் கேட்டார்.

அடுத்த வாரமே துறை ஒரு விளக்க ஆணை வெளியிட்டது: எந்த வழியாகக் காட்டுக்குள் நுழைந்தாலும், நுழைந்த இடத்தில் சாவடி இருப்பதாகவே கருதப்படும்; காவலர் அங்கே சென்று கேட்க வேண்டும். அன்றிலிருந்து காவலர் காட்டின் விளிம்பு முழுவதும் ஓடிக்கொண்டே இருந்தார். இடுப்பில் ஒரு கையடக்கப் பெட்டியும் கட்டிவிட்டார்கள். அவருக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர், விறகுக்குப் போன ஒரு கிழவியைப் பார்த்து, "தெரிஞ்சதுதானே, எதுக்குக் கேக்கணும்?" என்று விட்டுவிட்டாராம். இப்போது அவர் எங்கே போகிறார் என்று கேட்க யாரும் இல்லை.

ஆக, வேட்டை நின்றது.

வேட்டை நின்றதில் பன்றிகளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து வந்தது. குடியிருப்புக்கு மேலே இருந்த மலைச்சரிவுதான் அவர்களுடைய நிலம். ஒரு பக்கம் கிழங்கும் தினையும் போடுவார்கள். மண் களைத்ததும் அதை விட்டுவிட்டு அடுத்த பக்கம் போவார்கள். விட்ட பக்கம் புதர் மூடி இளைப்பாறும். பன்றிகள் அந்தச் சரிவில் சாவகாசமாக இறங்கி, வரிசை தப்பாமல் கிழங்கைக் கிண்டித் தின்றன.

"வயல்லயே வெச்சுக் குத்தினா என்ன?" என்று மச்சினன் கேட்டான்.

அதற்கும் விதி இருந்தது. காட்டுக்குள் இருக்கும் பன்றி மரபு உரிமைக்கு உட்பட்ட வேட்டை விலங்கு. வயலுக்கு வந்துவிட்ட பன்றி வழி தவறிய வன உயிர். அது துறையின் விருந்தாளி. அதன் மேல் கல் எறிந்தால்கூடக் குற்றம்.

பூனைக்காலனின் பெண்சாதி தகரத்தைத் தட்டித் தட்டிக் கை சலித்துப் போனாள். "இனிமே தட்டி என்ன பிரயோசனம்? அதுங்க தகரச் சத்தம் கேட்டாத்தான் பந்தி வெச்சாச்சுன்னு வருதுங்க" என்றாள். "நேத்து ஒண்ணு வாசல்ல நின்னு என்னையே பாக்குது. கிழங்குக்கு உப்பு பத்தலைன்னு சொல்ல வந்த மாதிரி."

மூன்று பேருமாக இயக்ககத்துக்குப் போனார்கள்.

இயக்குநரின் அறை குளிர்ச்சியாக இருந்தது. சுவரில் ஒரு பெரிய படம்: இலை உடுத்திய ஒரு மனிதன் ஈட்டியோடு சூரியனைப் பார்த்து நின்றான். அவன் முகம் வழவழப்பாக இருந்தது. மச்சினன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவரு யாரு மாமா? சூரியனைப் பாத்துக்கிட்டு நின்னா கண்ணு கூசி எதைக் குத்துவாரு?" என்று கிசுகிசுத்தான்.

இயக்குநர் இனிமையான மனிதர். எழுந்து நின்று கைகுலுக்கினார். அவர்கள் சொன்னதை முழுவதும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"அருமை. எவ்வளவு நுட்பமான மரபு! கேட்கக் கூடாது, சொல்லக் கூடாது! இதை அவசியம் பேண வேண்டும்."

"அப்போ காவலரைக் கேக்க வேணாம்னு சொல்லிடுவீங்களா ஐயா?"

"அது எப்படி முடியும்?" என்றார் அவர் அன்பாக. "யோசித்துப் பாருங்கள். இத்தனை காலம் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று யாராவது கவலைப்பட்டார்களா? நீங்கள் பிறந்தீர்கள், இறந்தீர்கள், காட்டுக்குப் போனீர்கள், வந்தீர்கள். கேட்க ஒரு நாதி இல்லை. இன்று உங்களுக்காக மட்டும் ஒரு துறை விடியற்காலையில் விழித்து எழுந்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்கிறது. அந்தக் கேள்விதான் உங்கள் உரிமை. கேள்வியை எடுத்துவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது வெறும் பன்றி."

"வெறும் பன்னியே போதுங்க ஐயா" என்றாள் பூனைக்காலனின் பெண்சாதி.

இயக்குநர் சிரித்தார். மக்களின் நகைச்சுவை உணர்வு அவருக்கு எப்போதும் பிடிக்கும். இருந்தாலும் அவர் கல்நெஞ்சர் அல்ல. ஏதாவது செய்ய நினைத்தார். வாயால் கேட்பதுதானே சிக்கல்? இனிமேல் வாயால் கேட்க வேண்டாம். கேள்வியைப் பலகையில் எழுதி மாட்டிவிடலாம்.

பலகை வந்தது. பச்சை நிறத்தில், வெள்ளை எழுத்தில், ஆள் உயரத்துக்கு நின்றது. அடுத்த நாள் விடியலில் பூனைக்காலன் ஈட்டியோடு அதன் முன்னால் போனான். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலகை அவனுக்கு வெறும் பச்சை. வாழ்க்கையில் முதன்முறையாகப் பள்ளிக்கூடம் போகாததற்காக மகிழ்ந்தபடி அவன் கம்பத்தைத் தாண்டக் காலை எடுத்து வைத்தான்.

"ஒரு நிமிஷங்க" என்றார் காவலர். அவர் முகம் வெளிறியிருந்தது. "பலகைக்குக் கீழ சின்ன எழுத்துல இன்னொண்ணு போட்டிருக்கு."

"என்ன போட்டிருக்கு?"

"படிக்கத் தெரியாதவங்களுக்குக் காவலர் சத்தமா படிச்சுக் காட்டணும்னு."

அவர் படித்துக் காட்டினார். பூனைக்காலன் வீட்டுக்குப் போய்ப் படுத்தான்.

வருட முடிவில் இயக்ககத்துக்கு ஒரு விருது கிடைத்தது. மரபு வேட்டையை முழுமையாக நெறிப்படுத்திய துறை என்று. நெறிப்படுத்தியதில் ஒரு விலங்குகூடச் சாகவில்லை. உரிமை சேதாரமில்லாமல் அப்படியே இருந்தது. இயக்குநர் ஏற்புரையில், "பயன்படுத்தப்படாத உரிமையே தேயாத உரிமை" என்றார். கைதட்டல் நெடுநேரம் ஒலித்தது.

விழா நடந்த இயக்ககக் கட்டடத்தின் மேல்மாடியில் நிலப்பிரிவு இருந்தது. கைதட்டல் அங்கேயும் கேட்டது. அவர்கள் அதைக் கவனமாகக் கேட்டு, வேறொரு முடிவுக்கு வந்தார்கள். வேட்டையாடிப் பிழைக்கும் மக்களுக்காகத்தான் மலைச்சரிவு விடப்பட்டிருக்கிறது. ஒரு வருடமாக அவர்கள் ஒரு முயலைக்கூடப் பிடிக்கவில்லை என்று துறையே பெருமையாகச் சொல்கிறது. ஆகவே அவர்கள் மரபைக் கைவிட்டவர்கள். சரிவில் பாதி புதர் மண்டிக் கிடக்கிறது. மீதியைப் பன்றி கிண்டியிருக்கிறது. ஆகவே அது யாரும் பயன்படுத்தாத நிலம். அதை எடுத்து, அழிந்துபோன அந்த மரபின் நினைவாக அங்கே ஒரு வேட்டை அருங்காட்சியகம் கட்டலாம்.

செய்தியைச் சொல்ல இயக்குநரே குடியிருப்புக்கு வந்தார்.

"வருத்தப்படாதீர்கள். உங்களுக்கு அங்கே முன்னுரிமை உண்டு" என்று பூனைக்காலனின் தோளைத் தட்டினார். "காலையிலும் மாலையிலும் சிமெண்டுப் பன்றி மேல் ஈட்டி எறிந்து காட்டும் வேலை. சீருடை துறையே கொடுக்கும். இலையில்."

"அந்தப் பன்னியைத் திங்க முடியுமா?" என்றாள் பூனைக்காலனின் பெண்சாதி.

"சிமெண்டம்மா."

"அதான் கேட்டேன். நிலமும் இல்ல, பன்னியும் சிமெண்டு. பிள்ளைங்க எதை மெல்றது? உங்க பலகையையா?"

இயக்குநர் சற்று யோசித்தார். அவருக்கு நியாயம் பிடிக்கும். ஒரு வழி இருந்தது. மரபு உயிரோடு இருக்கிறது என்று நிரூபித்துவிட்டால் சரிவு அவர்களுக்கே. குழு ஒன்று வரும். அதன் கண்முன்னால் ஒரே ஒரு வேட்டை. ஒரு பன்றி. போதும்.

"கம்பத்துக்கிட்ட கேக்க மாட்டாங்களே?" என்றான் பூனைக்காலன்.

"அன்று ஒருநாள் காவலருக்கு விலக்கு. என் பொறுப்பு" என்றார் இயக்குநர், நெஞ்சில் கைவைத்து.

குழு வரும் நாளைத் துறை அழைப்பிதழ் அச்சடித்தே சொல்லிவிட்டது. இப்படி ஊருக்கெல்லாம் தெரிந்தபின் போகலாமா என்று குடியிருப்பில் பேச்சு எழுந்தது. துறை சொன்னது துறையின் வாய், கிளம்புகிறவன் வாயைத் திறக்காமலும், வழியில் யாரும் கேட்காமலும் இருந்தால் வழக்கம் கெடாது என்று முடிவானது. ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் கண்டிப்பாக இருந்தார்கள். பின்தொடையைப் பற்றி யாரும் மூச்சு விடக் கூடாது. யாரும் விடவில்லை. ஆனால் பூனைக்காலன் தெருவில் போகும்போது அவன் இடது தொடையையும் வலது தொடையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

அன்று காலையில் சாவடியின் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலிகள் வந்தன. ஒலிபெருக்கி வந்தது. உடம்பெல்லாம் பை வைத்த சட்டையோடு மரபு நிபுணர் ஒருவர் வந்தார். வேட்டையைப் பற்றி அவர் நிறைய எழுதியிருக்கிறார் என்றார்கள். அடர்ந்த காட்டைப் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை என்று அவரே மச்சினனிடம் கூச்சத்தோடு சொன்னார். இயக்குநர் தொடக்க உரை ஆற்றினார். அமைதியாக வேட்டையாடுவதன் சிறப்பைப் பற்றி ஒலிபெருக்கியில் பேசினார். அந்தச் சத்தத்தில் பக்கத்து மலையிலிருந்து ஒரு பறவைக்கூட்டம் எழுந்து போனது.

பூனைக்காலன் கம்பத்தை நெருங்கினான். காவலர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கண் மட்டும் சிரித்தது. கயிற்றை முழங்கையால் இழுத்துக் கம்பத்தை உயர்த்தினார்.

ஒரு வருடத்துக்குப் பிறகு பூனைக்காலன் காட்டுக்குள் காலை வைத்தான்.

காடு அவனை மறக்கவில்லை. ஈர மண்ணின் வாசனை மூக்கில் ஏறியதும் அவன் முதுகு தானாகத் தாழ்ந்தது. பின்னால் குழு வந்தது: பளபளத்த காலணிகள், ஒரு குடை, தேநீர்க் குடுவை, மடக்கு நாற்காலி ஒன்று. மச்சினன் அவர்களைக் கையால் அடக்கி அடக்கி, கூடியவரை பின்னாலேயே நிறுத்திவைத்தான். ஓடைக்கரையில் புதுச் சுவடு தெரிந்தது. கொஞ்சம் தள்ளிப் புரண்ட சேறு. அதற்கு அப்பால், மரத்தின் வேரடியில், ஒரு கொழுத்த பன்றி சேற்றில் சாய்ந்து கிடந்தது. ஒரு வருடமாக யாருக்கும் பயப்படாத பன்றி. காதை மட்டும் ஒருமுறை அசைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

பூனைக்காலன் போனான். ஒரு சருகு நகரவில்லை. பன்றியின் மூச்சில் புல் ஆடுவது அவனுக்குத் தெரிந்தது. அந்த மூச்சில் அவன் நிலம் இருந்தது. இளைப்பாறும் புதர் இருந்தது. வருகிற மழைக்குப் போட வேண்டிய தினை இருந்தது. ஈட்டியை உயர்த்தினான்.

மரபு நிபுணர் நல்ல மனிதர். இப்படி ஒரு கணத்தைப் பதிவில்லாமல் விட்டுவிடக் கூடாதே என்ற பதைப்பு அவருக்கு. மச்சினனின் கைக்குக் கீழே குனிந்து தப்பி, நுனிக்காலில் பூனைக்காலனின் பின்னால் வந்து, பதிவுக் கருவியை நீட்டி, மிக மிக மெதுவாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் கேட்டார்:

"இப்போது எங்கே போகிறீர்கள்?"

ஈட்டி காற்றில் நின்றது.

பிறகு இறங்கியது. பூனைக்காலன் அதைத் தோளில் போட்டான். திரும்பினான். நிபுணரைத் தாண்டி, இயக்குநரைத் தாண்டி, குடையையும் மடக்கு நாற்காலியையும் தாண்டி நடந்தான். பன்றி ஒரு கண்ணைத் திறந்து, போகிறவர்களை எண்ணிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டது.

குழுவும் விடாமல் பின்னால் போனது. அவர்கள் முழு வேட்டையையும் பார்க்க வந்தவர்கள். அவன் கம்பத்தைத் தாண்டினான், தாண்டினார்கள். வீட்டுக்குள் நுழைந்தான், நுழைந்தார்கள். ஈட்டியைக் கூரை இறப்பில் செருகினான். பாயில் படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். குழு பாயைச் சுற்றி நின்று கைகட்டிப் பார்த்தது.

"என்னய்யா, ஊரையே கூட்டிக்கிட்டு வந்து படுத்துட்டே?" என்றாள் பெண்சாதி.

"உஷ்" என்றார் நிபுணர். அவர் குரல் தழுதழுத்தது. "இதுதான் உச்சம்."

அறிக்கை விரைவிலேயே வந்தது. உலகம் இதுவரை அறியாத ஒரு வேட்டை முறை கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இம்மக்கள் விலங்கின் அருகே சென்று, ஆயுதத்தை உயர்த்தி, கருணையோடு தாழ்த்தி, வீடு திரும்பி ஓய்வெடுக்கிறார்கள். இரை என்பது இவர்களுக்கு ஒரு சாக்கு. இறைச்சியை இவர்கள் நாடுவதில்லை. இயக்குநர் அதைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த வேட்டை உரிமை நிரந்தரமாக உறுதி செய்யப்பட்டது. வீட்டிலிருந்து காட்டுக்குப் போய்த் திரும்பிவந்து பாயில் படுக்கும் உரிமையை இனி எந்தச் சக்தியாலும் பறிக்க முடியாது.

"அப்போ நிலம்?" என்றான் மச்சினன்.

நிலம் உணவுக்காக வேட்டையாடுகிறவர்களுக்கு உரியது. இவர்கள் உணவுக்காக வேட்டையாடுவதில்லை என்பது இப்போது நிபுணரின் கையெழுத்தோடு நிரூபணமாகிவிட்டது. பாய் போட எவ்வளவு இடம் வேண்டுமோ அது வீட்டிலேயே இருக்கிறது.

"பன்னிக்கிட்டக் கருணை காட்டினோமாம்!" என்றாள் பூனைக்காலனின் பெண்சாதி. "அந்த நிபுணரை ஒருநாள் நம்ம அடுப்பங்கரைக்கு வரச் சொல்லு. காலிப் பானையைக் காட்டுறேன், அதுக்கும் ஏதாவது கண்டுபிடிக்கட்டும்."

சரிவில் கயிறு கட்டி ஆப்பு அடித்தார்கள். அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டும் நாளும் குறித்தாயிற்று. ஆணையின் கடைசியில் மட்டும், எல்லா ஆணைகளிலும் இருப்பதுபோல் ஒரு விலக்கு வரி இருந்தது. அதை மச்சினன் யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவந்தான். அடிக்கல் நாட்டுவதற்கு முன்னால், உணவுக்காக வேட்டையாடிய விலங்கு ஒன்றை இயக்ககத்தில் கொண்டுவந்து காட்டினால் இந்த ஆணை செல்லாது.

"ஒரே ஒரு பன்னி மாமா. ஒரே ஒரு விடியக்காலை. போதும்" என்றான் மச்சினன்.

பூனைக்காலன் இறப்பில் இருந்த ஈட்டியைப் பார்த்தான். மச்சினன் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்து, இந்த வருடம் சிலந்தி அதிகம் என்றான்.

அடிக்கல் விழாவுக்கு முந்தின நாள் பூனைக்காலன் தனியாக இயக்ககத்துக்குப் போனான். ஈட்டி இல்லாமல், வெறுங்கையோடு. காத்திருப்போர் பெஞ்சில் காவலரும் உட்கார்ந்திருந்தார். அதிகமான கேள்விகளைக் கேட்ட காவலர் என்று அவருக்கு விழா மேடையில் சால்வை போடப் போகிறார்களாம், அதற்கு ஒத்திகை. ஓடி ஓடி அவர் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இடுப்புப் பட்டையில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார். பூனைக்காலன் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் வாய் வழக்கமாகத் திறந்தது, கையால் பொத்திக்கொண்டார்.

"இங்க கேக்கலாங்க. இது காடு இல்ல" என்றான் பூனைக்காலன்.

"வேணாங்க" என்றார் காவலர். "கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப் போச்சு. வீட்டுல சின்னப் பொண்ணு தண்ணி குடிக்க எழுந்தாக்கூட கேட்டுடறேன். அது அழுவுது."

இருவரையும் ஒன்றாகவே உள்ளே அழைத்தார்கள். இயக்குநர் நாளைய உரையைத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாருங்கள், வாருங்கள்! நம் மரபின் நாயகன்! நாளை நீங்களும் மேடையில் இருக்க வேண்டும். பாய் துறையே கொண்டுவரும்." பேனாவை மூடிவைத்தார். "இந்த நல்ல நாளில் உங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. எதுவானாலும் கேளுங்கள்."

பூனைக்காலன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க ஐயா. இவருக்கு ஒருநாள் லீவு குடுக்கணும்."

"இவருக்கா?" இயக்குநர் காவலரைப் பார்த்தார். காவலர் தனக்கே இது தெரியாது என்பதுபோல் கையை விரித்தார். "என்றைக்கு?"

"நாளைக்கு."

"நாளையா? நாளை இவருக்குச் சால்வை இருக்கிறதே."

"விழா பகல்லதானேங்க? விடியக்காலை மட்டும் போதும். வெயில் ஏறினதும் வந்துடட்டும்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து அவனைக் கொஞ்சநேரம் பார்த்தார். அவருக்கு உண்மையாகவே ஆர்வமாக இருந்தது. இத்தனை வருட அனுபவத்தில் ஒருவன் தனக்கென்று எதுவும் கேட்காமல் காவலருக்கு விடுப்பு கேட்டு அவர் பார்த்ததில்லை.

"ஏன்?" என்றார். "விடியற்காலையில் இவர் சாவடியில் இல்லாவிட்டால் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?"

சுவரில் இலை உடுத்தியவன் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தான். சொன்னால் நாளை வேட்டை இல்லை. சொல்லாவிட்டால் விடுப்பு இல்லை. பூனைக்காலன் ஜன்னலைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், காலில் இல்லாத ஒரு முள்ளைக் குனிந்து பிடுங்கினான். நிமிர்ந்தபோது காவலரின் ஒட்டிய கன்னம் கண்ணில் பட்டது. காவலர் மெல்ல முகத்தைத் திருப்பி, ஜன்னல் பக்கம் பார்த்து, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

"நான் என்ன செய்யப்போறேன் ஐயா?" என்றான் பூனைக்காலன். "நீங்களே பாருங்க, மனுஷன் எப்படி இளைச்சுப் போயிட்டாருன்னு. ஓடி ஓடிக் காலு வீங்கியிருக்கு. அவரு பொண்ணு பயந்து அழுவுதாம். ஒரு விடியக்காலை வீட்டுல தூங்கட்டும். புண்ணியமாப் போகும், லீவு குடுங்க ஐயா."